சல்லடை போட்டு மூடிய தட்டு

என் மாமனார் ஏகாம்பரத்துக்கு நெருப்பு புதிதல்ல. இருபத்தொன்பது வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில், எண்ணூற்று ஐம்பது டிகிரி உலைக்கு முன்னால் நிற்கிறவர். வண்டிகளுக்குப் போகும் பல்சக்கரங்களைக் கூடையில் அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்து, மறுபடி லேசாகச் சூடு காட்டி, இரும்பை உறுதியாக்கி அனுப்புவது அவர் வேலை. ஆனால் வீட்டில் ஒரு செம்பு வெந்நீர் வைக்கத் தெரியாது. வைக்கச் சொன்னால், "எத்தினி டிகிரிக்குமா?" என்று கேட்பார்.

அந்த மனிதர் எனக்காக ஒரு மாதம் மொட்டைமாடியில் நின்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு வறுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நன்றி கெட்டவள் என்ற பட்டம் வந்துவிடும். ஏற்கெனவே வாயாடி என்ற பட்டம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடியாது.

நான் வித்யா. கோவில்பட்டிக்காரி. கணினிக் கம்பெனி வேலைக்காக அம்பத்தூர் வந்து, அதே அலுவலகத்தில் இருந்த வெங்கட்டைக் கல்யாணம் செய்துகொண்டு மேனாம்பேட்டில் அவர்கள் வீட்டுக்கு வந்தவள். கீழே ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு அடுப்படி. வீட்டின் பக்கவாட்டில் வெளியே ஏறும் படிக்கட்டு, பதினெட்டுப் படி. மேலே மொட்டைமாடி, அதில் பாதிக்குத் தகரக் கொட்டகை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஒரு அதட்டில் அடக்கியிருப்பாள். நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போதே அவள் போய்விட்டாள். அதன்பிறகு என்னை அதட்ட யாரும் துணியவில்லை.

போன வருடம் எனக்கு ஒன்று உண்டாகி, பத்தாவது வாரத்தில் கலைந்துவிட்டது. டாக்டர் இது நிறையப் பேருக்கு நடப்பதுதான், யார் மேலும் தப்பில்லை என்றார். என் மாமியார் நாகம்மா அத்தை அதை ஏற்கவில்லை. சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டோமே, அந்தக் கண்ணுதான் பட்டுவிட்டது என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். இந்த வருடம் மறுபடி நின்றபோது மூன்று வீடு தள்ளியிருக்கும் தன் சொந்தத் தங்கைக்கே அவர் மூச்சு விடவில்லை.

பிப்ரவரி மாதம் வாந்தி ஆரம்பித்தது. மசக்கை என்றால் காலையில் இரண்டு தடவை குமட்டும், மாங்காய் தின்றால் சரியாகும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது அப்படியில்லை. பல் துலக்கினால் வாந்தி, தண்ணீர் குடித்தால் வாந்தி, பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் வாந்தி. எல்லாவற்றிலும் மோசம் உலை கொதிக்கும் வாசனை. பிறந்ததிலிருந்து தின்ற சோறு, அது வேகிற ஆவி மூக்கில் பட்டால் குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். பொரி, பிஸ்கட், ஐஸ் தண்ணீர், அவ்வளவுதான் ஆகாரம். அதிலும் பாதி திரும்பி வந்துவிடும்.

ஐம்பத்தைந்து கிலோ இருந்தவள் நாற்பத்தெட்டுக்கு வந்தேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். பதினைந்தாவது வாரம் டாக்டர் என் அட்டையைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "அஞ்சு வாரம் கழிச்சு ஸ்கேனுக்கு வாங்க. அப்ப நாப்பத்தெட்டுக்குக் கீழ இருந்தா வீட்ல வெச்சுப் பாக்க முடியாது. அட்மிட் ஆகணும். குழந்தை வளரணும்னா உங்க உடம்புல ஏதாவது தங்கியாகணும்." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டே வந்தேன். இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற ஒரே எண்ணம்தான்.

உடம்பு படுத்தியது ஒரு பக்கம், மனசு படுத்தியது இன்னொரு பக்கம். சாப்பாட்டு நேரம் வந்தால் மாமாவும் அத்தையும் மேலே போய்விடுவார்கள். கேட்டால், "காத்தாட குந்திக்கினு வர்றோம்மா" என்பார் அத்தை. மார்ச் மாத வெயிலில், தகரக் கொட்டகையில் என்ன காற்று? நான் கீழே அறையில் தனியாகக் கிடப்பேன். அம்மா இல்லாத பெண் என்றால் இப்படித்தான், வாந்தி எடுக்கிறவளைப் பார்த்துக்கொண்டு யாருக்குச் சோறு இறங்கும் என்று நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் வெங்கட்டிடம் வெடித்தேன்.

"உங்க அம்மாவுக்கு என் மூஞ்சியப் பாத்தாச் சோறு இறங்காதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ படு" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். அதற்கும் கோபப்பட்டேன். நல்லது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உலை வாசனை இப்போதெல்லாம் வருவதேயில்லை. டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதையும் வெங்கட்டிடம் சொன்னேன். "ம்" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த வாரம்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. முன்பு ஒருநாள் அலுவலகக் கூட்டத்தோடு வேலப்பன்சாவடி பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். விரல் மாதிரி வெட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை மொறுமொறுவென்று வறுத்து, தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் சாஸ் வைத்தார்கள். கடித்தால் சத்தம் கேட்கும். உள்ளே இனிப்பு, வெளியே உப்பு. படுத்துக் கிடந்தவளுக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக வாயில் எச்சில் ஊறியது.

வெங்கட் உடனே போனில் ஆர்டர் போட்டார். முக்கால் மணி நேரத்தில் வந்த டப்பாவைத் திறந்தால், உள்ளே துவைத்துப் பிழியாத துணி மாதிரி துவண்டு கிடந்தது. ஒன்றை வாயில் வைத்தேன். கொழகொழவென்று நாக்கில் ஒட்டியதும் குளியலறைக்கு ஓடினேன். அழுகையும் வாந்தியும் ஒன்றாக வந்தது.

திரும்பி வந்தபோது மாமா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், சட்டையில் பட்டறை எண்ணெய் வாடை. டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து வளைத்தார். அது உடையாமல் வளைந்தது.

"சாஃப்ட் அடிச்சிக்கிது. எங்க ஷாப்பா இருந்தா இத்த அப்படியே ரிட்டன் அனுப்பிடுவோம்" என்றவர், என்னைப் பார்த்து, "இதான் துன்ன ஆசையாமா?" என்றார்.

"ஆமா மாமா. ஆனா மொறுமொறுன்னு இருக்கணும்."

"அப்போ ஹார்ட்னஸ் வரணும்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது கையில் இரண்டு கிலோ கிழங்கு இருந்தது.

வாசனை எனக்கு ஆகாது என்பதால் வறுவல் மேலேதான். மாடிக் கொட்டகையில் ஒரு சின்ன சிலிண்டர் அடுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். கிழங்குக்காகவே வாங்கினார்கள்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அத்தை தனக்குத் தெரிந்தபடி செய்தார். இந்த ஊரில் சர்க்கரைவள்ளி வாங்கினால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள், கழுவி நேராகக் குண்டானில் போட்டு அவிப்பார்கள். அப்படியே அவித்து, வெட்டி, எண்ணெயில் போட்டார். அது எண்ணெயைக் குடித்து அல்வாவாகக் கரைந்தது. மாமா அதைக் கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டு, "நாகம்மா, ஏற்கெனவே வெந்த பொருள்ல இன்னா ஹார்ட்னஸ் வரும்?" என்றாராம். "அப்போ நீயே பண்ணிக்கோ. உன் எஸ்டேட்ல கிழங்கா அவிக்கிற?" என்று அத்தை கரண்டியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வறுவல் முழுக்க மாமாவின் பொறுப்பு.

இரண்டாம் நாள் பச்சையாக வெட்டி, மொத்தத்தையும் ஒரே ஈடாகப் போட்டார். எண்ணெய் அடங்கிப்போய்ப் பாதி வெந்து பாதி வேகாமல் வந்தது. அதைப் பார்த்ததும் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாராம். பட்டறையில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு அது. கூடையில் அளவுக்கு மேல் அடுக்கினால் சூடு எல்லாத் துண்டுக்கும் போய்ச் சேராது. இத்தனை வருடமாக மற்றவர்களைத் திட்டிய தப்பைத் தானே செய்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

மூன்றாம் நாள் சூப்பர்வைசரிடம் கேட்டு, சூடு பார்க்கும் துப்பாக்கியை வாங்கி வந்தார். எண்ணெய்க்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தினால் டிகிரி காட்டும். கிழிக்கிற தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எத்தனை துண்டு, எப்படி வந்தது. பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்காக ஒருவர் தாள் தாளாகக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தபோது அடுத்த தாளை நானே கிழித்து நீட்டினேன்.

நாளாக நாளாக முறை பிடிபட்டது. தோல் சீவி விரல் தடிமனுக்கு ஒரே அளவாக வெட்ட வேண்டும். ஒன்று பருமன் ஒன்று ஒல்லி என்றால் ஒன்று தீயும், ஒன்று வேகாது. அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டால் மாவுப்பால் இறங்கும். வேட்டித் துணியில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் சீறும், மொறுமொறுப்பும் வராது. மேலே சோள மாவு கொஞ்சம் தூவிப் புரட்ட வேண்டும். உப்பு கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். முதலில் நூற்று அறுபதில் உள்ளே வேகிற வரைக்கும் போட்டு எடுத்து ஆறவிட வேண்டும். பிறகு நூற்று தொண்ணூறில் இரண்டே நிமிடம். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடக் கூடாது. "எல்லாம் ரெண்டு சூட்டுலதாம்மா கீது. எங்க இரும்புக்கும் அதே கணக்குதான், இன்னா, அங்க பெரிய சூடு முன்ன, சின்ன சூடு பின்ன" என்று கூடத்தில் நின்று எனக்கு விளக்குவார்.

தொட்டுக்கொள்ளும் சாஸ் அத்தையின் பொறுப்பு. ஹோட்டலில் வைத்தது மயோனைஸ். பச்சை முட்டை சேர்ந்ததைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்து கெட்டியானதும், துருவிய மாங்காயும் பச்சை மிளகாயும் புதினாவும் அரைத்துக் கலந்தார். பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை, தாளிப்பு இல்லை. தாளிக்காமல் ஒரு பண்டத்தை அவர் வெளியே விட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "கடுகு போடாத ஐட்டத்துக்கு இங்கிலீஷ்ல பேர் வெச்சிக்கிறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கலக்கினார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பும் காரமும் குளிர்ச்சியுமாக இறங்கியது. வயிறு சண்டை போடவில்லை.

ஆனால் கிழங்கு மட்டும் சரியாக வரவில்லை. முறை எல்லாம் சரியாக இருந்தும் என் கைக்கு வரும்போது துவண்டுபோய்த்தான் வந்தது. சாஸை நக்கிவிட்டுக் கிழங்கை ஒதுக்கிவைப்பேன். ஒன்பதாம் நாளா பத்தாம் நாளா, ஞாபகமில்லை. அத்தை தட்டைக் கொண்டுவந்து வைத்தார், பின்னாலேயே மாமாவும் இறங்கி வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போ எப்படி கீது?"

"கொழகொழன்னுதான் இருக்கு மாமா."

"அதெப்படி? மேல நான் கட்ச்சிப் பாத்தேன். முறுக்கு மாரி ஒடைஞ்சிது."

அன்று காலையில்தான் எடை பார்த்திருந்தேன். நாற்பத்தேழு புள்ளி ஆறு. அந்தப் பயம் எல்லாம் வாய்க்கு வந்தது. "அப்ப நீங்க மேல தின்னது வேற, எனக்குக் கொண்டு வந்தது வேறயா? நல்லத எல்லாம் மேலயே ரெண்டு பேரும் தின்னுட்டு மிச்சத்த எனக்குக் குடுக்கீங்களா?"

சொன்ன நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்னது சொன்னதுதான். எண்ணெய் தெறித்து மாமாவின் முன்னங்கையில் இரண்டு இடத்தில் கொப்புளம் இருந்தது, அதைத் தடவிக்கொண்டே நின்றார். அத்தைதான் பேசினார். "இந்த வெயில்ல மனுசன் நின்னுக்கினு கீறாரு. வாயில வர்றதெல்லாம் பேசிடு." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன்.

மாமா போகவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தட்டை மூடி வந்த எவர்சில்வர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. ஒரு சொட்டு அவர் பாதத்தில் விழுந்தது.

"நாகம்மா. இத்த எதுக்கு மூடுன?"

"மூடாம? படி வெளிய கீது. எதிர்வூட்டு பால்கனில நாலு பேர் நிக்கிறாங்க. வாயும் வயிறுமா கீற பொண்ணுக்கு எடுத்தாற பண்டத்த ஊருக்கே காட்டிக்கினு வர சொல்றியா? போன தபா பட்டது போதாதா?"

"ஆவி மாட்டிக்கிது" என்றார் மாமா. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "வித்யாமா, இங்க பாரு. எங்க ஷாப்புல பழுத்த இரும்ப எண்ணெயில முக்கும்போது ஆட்டிக்கினே இருக்கணும். ஆட்டாம உட்டா சுத்தி ஆவி கட்டிக்கும். ஆவி கட்ன எடம் மட்டும் சாஃப்ட்டாவே நின்னுடும். பத்து நாளா எண்ணெயையே கொற சொல்லிக்கினு இருந்தேன். மேல கரீக்டாதான் வந்துக்கிது. மூடிக்குள்ள ஆவி மாட்டி, பதினெட்டுப் படி எறங்கறதுக்குள்ள வெந்துபூடுது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். டப்பாவில் வந்ததும் அதனால்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காரணம் கிடைத்துவிட்டது, தீர்வு கிடைக்கவில்லை. மூடக் கூடாது என்கிறார் மாமா. மூடாமல் படியில் கால் வைக்க மாட்டேன் என்கிறார் அத்தை. நானே மேலே வந்து சாப்பிடுகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். டாக்டர் படி ஏறாதே என்று சொல்லியிருந்ததால் அவர்கள் அவ்வளவு பதறியது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. கண்ணாவது மண்ணாவது என்று வாய்வரை வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். போன வருடம் ஆஸ்பத்திரி வாசலில் தன் வாயில் அடித்துக்கொண்ட அதே முகம். பேசாமல் இருந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அடக்கிய பேச்சுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அது அதில் ஒன்று.

மறுநாள் நாலு மணிக்கு அத்தை இறங்கி வரும் காலடி கேட்டது. தட்டின் மேல் மாவுச் சல்லடையைக் கவிழ்த்து மூடியிருந்தார். ஓட்டை வழியாக ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது.

"கண்ணுக்கு ஓட்டை வழியா வரத் தெரியாதா அத்தை?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்குமா?

"வரும். ஆனா ஓட்டை எத்தினின்னு எண்ணிட்டுத்தான் வரணும். அது எண்ணி முடிக்கறதுக்குள்ள நீ துன்னு முடிச்சிடுவ" என்று சல்லடையை எடுத்தார்.

ஒரு துண்டை எடுத்தேன். வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை. தயிரில் முக்கிக் கடித்தேன். சத்தம் கேட்டது. கதவோரம் நின்ற மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் உடனே காலண்டர் தாளை எடுத்து எதையோ குறித்தார். மேல்பக்கம் உடைந்து, உள்ளே மாவாக, இனிப்பாக, சூடாக இருந்தது. அதன் மேல் மாங்காய்ப் புளிப்பு. இன்னொன்று எடுத்தேன். பதினாலு துண்டு தின்றேன். பிறகு மூன்று பேரும் வாந்திக்காகக் காத்திருந்தோம். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. வரவில்லை.

"மாமா, நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத்த உடும்மா. எங்க ஷாப்புல கஸ்டமர் இதவிட மோசமா பேசுவான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு சல்லடைத் தட்டு வந்தது. பொங்கல் போய் இரண்டு மாதம் ஆனதால் அம்பத்தூர் மார்க்கெட்டில் கிழங்கு வரத்து நின்றுபோனது. மாமா ஷிப்ட் முடிந்து பூந்தமல்லி வரைக்கும் பஸ் பிடித்துப் போய்த் தேடி வாங்கி வந்தார். கிழங்கோடு இரண்டு இட்லி தங்கியது, பிறகு ஒரு முட்டை, பிறகு வாழைப்பழம். அலுவலகத்தில் அப்பா இல்லாத ஒரு பெண் வேலை செய்கிறாள், கல்யாணத்துக்குப் பயப்படுவாள். அவளைப் போனில் கூப்பிட்டு, மாமனார் என்று ஒருவர் கிடைப்பார், பயப்படாதே என்று சொன்னேன். அவள் எனக்கு ஜுரமா என்று கேட்டாள். நான் ஒருவரைப் பாராட்டி அவள் கேட்டதில்லை.

ஏப்ரல் நடுவில் ஸ்கேன். அதற்கு முன்னால் என்னை எடை மேடையில் ஏற்றினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ் சொன்ன எண் காதில் விழுந்ததும் திறந்தேன். நாற்பத்தொன்பது புள்ளி நாலு. ஸ்கேனில் குழந்தை அதன் வாரத்துக்கு ஏற்றபடி வளர்ந்திருந்தது. ஒரு கை முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அட்மிஷன் வேண்டாம், இனிமேல் மெதுவாக நடக்கலாம், படிகூட நிதானமாக ஏறலாம் என்றார் டாக்டர். வெங்கட் வண்டியை ஓட்டிக்கொண்டே அழுதார். ஆட்டோக்காரர்கள் எல்லோரும் எங்களைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. கூடத்தில் யாரும் இல்லை. ஞாயிறு ஷிப்ட் பார்த்ததற்குப் பதிலாக அன்று மாமாவுக்கு விடுப்பு, இரண்டு பேரும் மேலே காற்று வாங்கப் போயிருப்பார்கள். வெங்கட் வண்டியை உள்ளே ஏற்றுவதற்குள் நான் படியில் கால் வைத்துவிட்டேன். அந்த எண்ணை அவர்களிடம் நானே சொல்ல வேண்டும். பின்னாலிருந்து வெங்கட் "வித்யா, இரு" என்று கத்தியது கேட்டது. நான் இருக்கவில்லை.

பதினெட்டாவது படியில் நின்று பார்த்தேன். தகரக் கொட்டகைக்குள் ஒரு முழு அடுப்படியே இருந்தது. சோற்றுக் குண்டான், குழம்புச் சட்டி, அரிவாள்மணை, அஞ்சறைப் பெட்டி, ஓரத்தில் அரிசி டின். தரையில் பாயை மடித்துப் போட்டு இரண்டு தட்டு. தகரத்திலிருந்து இறங்கிய சூடு என் முகத்தில் அடித்தது. அத்தையின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வடித்த சோற்றுக் குண்டானை நிமிர்த்திக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஐய, நீ இன்னாத்துக்கு மேல வந்த? சோறு சூடா கீது. வாசன வரும், கீழ போ."

குண்டான் மேல் மூடியை வைத்து, மூடியின் மேல் முந்தானையைப் போட்டு, ஆவி வெளியே வராமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

"எப்பலேருந்து அத்தை?" என்றேன்.

மாமாதான் சொன்னார். "நீ மொத தபா ஆஸ்பத்திரில படுத்துட்டு வந்த பாரு, அன்னிக்கு அடுப்ப மேல ஏத்தினோம். சொன்னா நீ சங்கடப்படுவ, அப்பறம் துன்றதயும் உட்டுடுவன்னு இவதான் சொல்லாதன்னா."

இரண்டு மாதம். மாத்திரை கேட்கிறது என்று நான் நினைத்த இரண்டு மாதம். காற்று வாங்கப் போகிறார்கள் என்று நான் பொருமிக் கிடந்த இரண்டு மாதம். அம்மா இல்லாதவள் என்று நான் அழுத ஒவ்வொரு மத்தியானமும், என் தலைக்கு மேலே, கொதிக்கிற தகரத்துக்குக் கீழே, எனக்கு வாசனை வரக் கூடாது என்று ஒருத்தி உலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாப்பத்தொன்பது புள்ளி நாலு அத்தை. பிள்ளை நல்லா இருக்கு" என்றேன்.

அத்தையின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையும் மூடி மேல் இருந்தது.

"மூடியத் தெறங்க அத்தை."

"வேணாம்மா. இப்பதான் கொஞ்சம் தேறிக்கிற."

"தெறங்க."

மாமா குனிந்து, அவர் கையை மெல்ல விலக்கி, மூடியை எடுத்தார். சோற்றின் ஆவி எழுந்து என் முகத்துக்கு வந்தது. வயிறு ஒரு தடவை புரண்டது. கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள், படியில் மூச்சு வாங்க நின்ற வெங்கட்டோடு சேர்த்து. புரண்டது அடங்கியது.

"பசிக்குது. எனக்கும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன்.

மேலே தட்டு இரண்டுதான் இருந்தது. மாமா தன் தட்டைக் குடத்துத் தண்ணீரில் கழுவி என் முன்னால் வைத்தார்.